கம்ப்யூட்டருக்கு ஏ.சி. தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மாறுவதில்லை. "சார், கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. அந்த ரூமுக்கு ஏ.சி. போட்டே ஆகணுமா?" கடைக்காரர் சொன்னார் என்பார் ஒருவர். ஆபீஸில் கம்ப்யூட்டர் இருக்கும் இடமெல்லாம் ஏ.சி. தானே என்பார் இன்னொருவர். பையன் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் மட்டும் ஏ.சி. என்று சாட்சி சொல்பவர்களும் உண்டு.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. தேவையில்லை. ஏ.சி. மனிதர்களுக்கானது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் "கம்ப்யூட்டர் கெட்டுவிடுமே" என்ற பயத்தில் கடன் வாங்கி ஏ.சி. மாட்டாதீர்கள். மாட்டுவதோடு செலவு முடிவதில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அது மின் கட்டணமாக வீடு தேடி வரும். அந்தக் கணக்கைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டருக்குக் குளிர் வேண்டும் என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1946ல் அமெரிக்காவில் இயங்கிய எனியாக் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது எடுத்துக் கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அத்தனையும் கடைசியில் சூடாகவே வெளியேறும். இன்றைய ஒரு டன் ஏ.சி.க்கள் 40க்கும் மேல் வைத்தால்தான் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியும். 1973ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 போன்ற பெரிய கம்ப்யூட்டர்களுக்கும் தனிக் குளிர்சாதன அறை வேண்டியிருந்தது.

பிறகு பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல், கோயிலுக்குள் போவது போல லேபுக்குள் போன தலைமுறை நம்முடையது. அங்கே ஓர் அறையில் 20, 30 கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பெரிய பழைய மானிட்டர். எதிரே 30 மாணவர்கள். அந்த அறைக்கு ஏ.சி. தேவைப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். லேபின் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்ததில்தான் குழப்பம் தொடங்கியது.

கம்ப்யூட்டர் எவ்வளவு சூடு தருகிறது?

ஒரு கம்ப்யூட்டர் எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை வாட்ஸ் சூட்டை அறைக்குள் விடுகிறது. சாதாரண டெஸ்க்டாப், எல்.இ.டி. மானிட்டருடன் சேர்த்து, டைப் செய்யும்போதும் இணையம் பார்க்கும்போதும் 80 முதல் 150 வாட்ஸ் வரை எடுக்கும். லேப்டாப் என்றால் 30 முதல் 60 வாட்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம்ஸ் ஆடும் கம்ப்யூட்டர் மட்டும் 300 வாட்ஸைத் தாண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் வெளிவிடும் வெப்பமே சுமார் 100 வாட்ஸ். ஆக, உங்கள் டெஸ்க்டாப் அறையில் இருப்பதும், ஒரு விருந்தாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் சூட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றக் கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட்ஸ். 120 வாட்ஸ் கம்ப்யூட்டருக்காக அதை ஓட்டுவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

கம்ப்யூட்டருக்கு என்ன வேண்டும்?

காற்றோட்டம் வேண்டும். அவ்வளவுதான். பெரும்பாலான டெஸ்க்டாப்களுடன் வரும் கையேட்டைப் புரட்டினால், அறை வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று இருக்கும். மின் விசிறி சுழலும், வெயில் நேராக விழாத அறையில் ஆண்டின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்தான் இருப்போம். கத்திரி வெயில் நாட்களில் மதியம் மட்டும் இது தாண்டக் கூடும். அப்போதும் பிராசசர் தன் சூட்டைத் தானே அளந்து, அளவு மீறினால் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வீடியோ எடிட்டிங், கேம்ஸ் போன்ற கனமான வேலைகளை மாலைக்குத் தள்ளி வைத்தால் போதும்.

நான் பார்த்த வரையில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சூடாவதற்கு அறையின் வெயிலைவிட நம் பழக்கங்களே அதிகக் காரணம். கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. கம்ப்யூட்டர் டேபிளில் சி.பி.யு.வுக்கென்று ஒரு பெட்டி போன்ற அறை இருக்கும். அதற்குள் நுழைத்துக் கதவையும் மூடிவிட்டால், உள்ளே வந்த சூட்டையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கொண்டிருக்கும். வெளியே வையுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

2. தூசி படியக் கூடாது என்று அழகான துணி உறை தைத்துப் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது உறையை முழுவதும் எடுத்துவிடுங்கள்.

3. ஆறு மாதத்திற்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிளோயர் அடிக்கும்போது உள்ளே இருக்கும் சிறு விசிறியை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் கெட்டுவிடும்.

4. லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை பார்க்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும்.

5. யு.பி.எஸ்.ஸை வெயில் படும் சுவர் ஓரம் வைக்காதீர்கள். சூட்டில் முதலில் ஆயுள் குறைவது அதன் பேட்டரிக்குத்தான்.

இத்தனை செய்தும் சூடு அதிகம் என்றால், கேபினட்டில் கூடுதலாக ஒரு விசிறி போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான். அது எடுக்கும் மின்சாரம் 2, 3 வாட்ஸ்.

பில் எங்கே எகிறுகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, அடுக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் கூடும். 500 யூனிட் என்பது இதில் முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும்.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக் கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. மொத்தம் 500ஐத் தாண்டினால் ரூ.2.25 என்ற சலுகை விலை போய்விடும். 101லிருந்தே ரூ.4.50 போடுவார்கள். 501 முதல் 600 வரை ரூ.8, 601 முதல் 800 வரை ரூ.9.

இதன்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் ரூ.1,725. 501 யூனிட்டுக்கு ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் கூடுகிறது! 2024ல் இந்தக் கட்டணங்கள் மேலும் உயர்ந்தன. எனவே உங்கள் கணக்கைப் போடும்போது நடப்புக் கட்டணத்தை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். இங்கு நான் காட்ட விரும்புவது அடுக்கு ஏறும் விதத்தைத்தான்.

இரண்டு மாதத்திற்கு 400 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்று. மேற்சொன்ன 2022 கட்டணத்தில் ரூ.1,125 கட்டி வந்தது. இப்போது ஏ.சி. வாங்குகிறார்கள். அது மணிக்கு அரை யூனிட் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இரவு 8 மணி நேரம், 60 நாட்கள். 240 யூனிட் கூடும். மொத்தம் 640. கட்டணம் ரூ.3,110. புதிய 240 யூனிட்டுக்கு மட்டும் அவர்கள் கொடுப்பது ரூ.1,985. அதாவது யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். அதுவரை அவர்களுக்குச் சராசரியாக 3 ரூபாய்கூட ஆகவில்லை.

அதே குடும்பத்தின் கம்ப்யூட்டர் தினம் 6 மணி நேரம் ஓடினால், 120 வாட்ஸ் கணக்கில், இரண்டு மாதத்திற்கு 43 யூனிட். பில்லைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நீ கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருப்பதால்தான்" என்று பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். பல இடங்களில் வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்குகிறார். இலவச யூனிட், சலுகை விலை எதுவும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. அவர்களுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலைக்குப் பணம்.

வெயிலை வெளியே நிறுத்துங்கள்

சூட்டை உள்ளே விட்டுவிட்டு மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, உள்ளே வராமல் தடுப்பது மலிவு. நம் ஊரில் மாடி வீடுகளின் மேல் தளம்தான் பெரிய எதிரி. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை உள்ளே கொட்டுகிறது. விசிறியைப் போட்டால் அனல் காற்று வருவது இதனால்தான்.

மொட்டை மாடிக்குக் கோடை தொடங்கும் முன் வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு போதும். மழையில் கரைந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் அடிக்கலாம். நீண்ட நாள் வர வேண்டும் என்றால் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. தெலங்கானா மாநிலம் 2023ல் குளிர் கூரைக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

அடுத்தது மேற்கு ஜன்னல். திரைச்சீலை உள்ளே இருந்தால் கண்ணாடி வழியாக வந்த வெயில் ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. மூங்கில் தட்டியோ பச்சை வலையோ ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். பலன் உடனே தெரியும். வாடகை வீட்டிலும் ஆணி அடிக்காமல் கட்டலாம். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக் கொண்டு போகலாம். வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளிப்பது வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம் என்பதால் புழுக்கம்தான் கூடும்.

மூன்றாவது மின் விசிறி. பழைய விசிறி 75 வாட்ஸ் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள விசிறி அதே காற்றை 30 அல்லது 35 வாட்ஸில் தரும். ஒரு விசிறிக்கு 40 வாட்ஸ் மிச்சம் என்றால், தினம் 12 மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளில் இரண்டு மாதத்திற்கு 86 யூனிட் மிச்சம். விலை சுமார் 3,000 ரூபாய். இதுவும் வீடு மாறும்போது கூடவே வரும் சொத்து.

ஏ.சி. வாங்கத்தான் போகிறீர்களா?

வாங்குங்கள். ஆனால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு ஒட்டச் சொல்லும் ஸ்டார் லேபிளில், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேரத்திற்கான கணக்கு. அந்த எண்ணை 1,600ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று கிடைக்கும். 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். இது பல வகை வெப்பநிலைகளுக்கான சராசரி என்பதால் மே மாதத்தில் கூடுதலாகவே ஆகும். ஸ்டார்களை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஸ்டாக்கில் உள்ள 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. எந்த ஆண்டுக்கான லேபிள் என்று கேளுங்கள்.

வாங்கிய பின் ரிமோட்டில் 18 வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. கம்ப்ரசர் நிற்காமல் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். ஸ்டார் லேபிள் உள்ள அறை ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது பி.இ.இ. தரும் கணக்கு. 26ல் வைத்து விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். விடியற்காலையில் தானே நிற்கும்படி டைமர் வையுங்கள். கம்ப்யூட்டரை ஏ.சி.க்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். தண்ணீர் சொட்டினால் ஏ.சி. போட்டதற்குக் கம்ப்யூட்டரே பலியாகும்.

முன்பு சொன்ன 640 யூனிட் குடும்பத்துக்குத் திரும்புவோம். மூன்று விசிறிகளை மாற்றி 86 யூனிட், டைமர் வைத்து இரவில் 2 மணி நேரம் குறைத்ததில் 60 யூனிட். மொத்தம் 146 குறைந்து 494க்கு வந்துவிடுகிறார்கள். 500 கோட்டுக்குக் கீழே! கட்டணம் ரூ.1,689. ஏ.சி. இருக்கிறது, தூக்கமும் இருக்கிறது, 1,421 ரூபாயும் கையில் நிற்கிறது.

கம்ப்யூட்டரிடமே கணக்கைக் கொடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கணக்கு வைத்துக் கொள்ள ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் கால்க் போதும்.

முதல் காலத்தில் தேதி, இரண்டாவதில் மீட்டர் ரீடிங் டைப் செய்யுங்கள். தினம் ஒரே நேரத்தில் பாருங்கள். மறுநாள் ரீடிங்கை அடுத்த வரியில் போட்டபின், மூன்றாவது காலத்தில் சம அடையாளம் போட்டு, இன்றைய ரீடிங் உள்ள செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, நேற்றைய ரீடிங் உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு நாள் செலவு கிடைத்துவிடும். அந்த செல்லின் கீழ் வலது மூலையைப் பிடித்து இழுத்தால் மற்ற நாட்களுக்கும் பார்முலா வந்துவிடும். 500க்குள் நிற்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 8 யூனிட் சராசரி. பத்தாம் நாளே 100ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி என்று எடுத்துக் கொள்ளுங்கள். பில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்கவும் வழி உண்டு. டிஜிட்டல் மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு மின்னிக் கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்து 5 நிமிடம் எண்ணுங்கள். பிறகு ஆப் செய்து 5 நிமிடம் எண்ணுங்கள். 32 முறை குறைந்தால் உங்கள் கம்ப்யூட்டர் எடுப்பது 120 வாட்ஸ். எண்ணும் நேரத்தில் பிரிட்ஜை நிறுத்தி வையுங்கள். அது நடுவில் ஓடத் தொடங்கினால் கணக்கு தப்பும்.

அப்படியே விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குச் சென்று, 5 நிமிடத்தில் திரை அணையவும் 15 நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போகவும் செட் செய்திடுங்கள். ஸ்கிரீன் சேவரில் மீன் நீந்துவது அழகுதான். ஆனால் அதனால் மின்சாரம் மிச்சமாகாது.

விற்பவர்கள் ஏ.சி.யைத்தான் விற்பார்கள். சுண்ணாம்பையும் மூங்கில் தட்டியையும் விளம்பரம் செய்ய யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் நிழல், பிறகு விசிறி, கடைசியில்தான் ஏ.சி. என்ற வரிசையை மாற்றாதீர்கள். இன்று மாலையே மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்து ஷீட்டைத் தொடங்குங்கள். அடுத்த பில் வரும் முன்பே அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.